கிளட்ச் கனத்தபோது

நாற்பத்தாறு வயதில் சின்னவன் ஒரு கார் வாங்கினான். வாங்கினான் என்பதைவிட அதன்மேல் போய் விழுந்தான் என்பதுதான் சரி. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, எலுமிச்சம்பழத்தை வெயிலில் போட்டு வைத்ததுபோல் வெளுத்த மஞ்சள். எஞ்சின் சின்னதுதான், ஆனால் வேகம் கூட்டும் டர்போ வைத்தது. அவனுக்கு முன்னால் யார் யாரோ ஓட்டித் தள்ளிய வண்டி.

அக்கா இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள உக்காரணுமா, படுக்கணுமா?"

"முதல்ல ஏறிப் பாரு அக்கா. அப்புறம் வாயைத் திற."

ஏறினாள். முழங்கால் முகவாய்க்கு வந்தது. இறங்கும்போது கதவைப் பிடித்து, சட்டத்தைப் பிடித்து, கடைசியில் அவன் கையையும் பிடித்துத்தான் எழுந்தாள். "நமக்கு எதுக்குடா இந்த வயசுல இது?" என்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா மேலயும் கீழயுமே போயிட்டிருக்கேன். இனிமே கொஞ்சம் முன்னாடி போறேன்."

சின்னவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்குமேல் அவன் கைபட்ட லிஃப்ட்டுகள்தான். மொட்டை மாடிக்கும் மேலே, இரும்பு ஏணி ஏறிப் போகும் மோட்டார் அறைகளில் அவன் பொழுது கழிந்தது. லிஃப்ட் சரியாக ஓடினால் அவனை யாரும் நினைப்பதில்லை. நின்றுபோனால் எல்லோரும் நினைப்பார்கள், நல்லபடியாக அல்ல. அக்கா பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். முகம் தெரியாத வாய்களுக்கு மெழுகில் பல் செதுக்கி, பீங்கானில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குத் தீட்டி அனுப்புவாள். அவளைப் பெண் பார்க்க ஒரு காலத்தில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், பிறகு வரவில்லை. அவ்வளவுதான். சின்னவனுக்கு ஒரு கல்யாணம் நடந்தது. சண்டை சச்சரவு எதுவுமில்லாமல், ஒரு வருஷம்கூட நிற்காமல், அது தானாக ஓய்ந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவர்கள் விட்டுச்சென்ற வீட்டில் இருவரும் மிஞ்சினார்கள். சின்னவன் என்று அம்மா கூப்பிட்ட பெயரே, தலையில் பாதி நரைத்த பிறகும் அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

கார் வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போதுகூட, எங்கேயோ உள்ள யாரோ ஒருவன் தன் வண்டியைக் கழற்றி மாட்டுவதைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பான். முதல் வேலையாக ஒரு தடித்த சைலன்சரை வாங்கி வந்து, தானே கீழே படுத்து மாட்டினான். கிளப்பியதும் தகர டப்பாவுக்குள் குளவிக்கூட்டைப் போட்டு ஆட்டியதுபோல் ஒரு சத்தம் எழும்பியது. எதிர் வரிசை ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. அக்காவுக்கு மானம் போயிற்று. இரண்டு நாள் மாடிப்படியில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போய்வந்தாள்.

அந்தச் சத்தத்தோடுதான் அவன் கராஜ்காரியிடம் போனான். கிடங்குகள் வரிசையாக நிற்கும் தெருவின் கோடியில் அவள் கராஜ் இருந்தது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தலைமுடியைத் துணியால் கட்டி, காதில் பென்சில் செருகியிருப்பாள். பந்தய வண்டிகளுக்கு வேலை செய்து பழகியவள். வாயில் சர்க்கரை கிடையாது.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றாள், சைலன்சரைக் காட்டி.

"நான்தான்மா."

"வண்டி வேகமாப் போகுதா இப்ப?"

சின்னவன் யோசித்தான். "சத்தம் வேகமாப் போகுது."

அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் அவளுக்கு அண்ணா ஆனான்.

பழைய டயரையும் தேய்ந்த பிரேக்கையும் வைத்துக்கொண்டு எஞ்சினில் கைவைக்கக் கூடாது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டு, அந்தச் சைலன்சரைக் கழற்றிப் பழையதையே மாட்டினாள். முதலில் நல்ல டயர், பிறகு பிரேக், வெடித்துக் கிடந்த ரப்பர் குழாய்கள், பிளக். இருக்கிறதெல்லாம் ஒழுங்கான பிறகுதான் கூட்டுவதைப் பற்றிப் பேச்சு. மற்றவர்கள் இதைக் கேட்டால் முகம் வாடுவார்களாம். சின்னவன் மலர்ந்தான். லிஃப்ட்டிலும் அப்படித்தானே, முதலில் பிரேக்கை நம்ப வேண்டும், அப்புறம்தான் மோட்டார் என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒரு மணி நேரம் பேசினான். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பிரேக் ஆயில் மாற்ற இரண்டாவது ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகைத் திறந்து, பழைய ஆயிலோடு காற்றையும் வெளியேற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை இழுத்து வந்து உட்காரவைத்தான்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்க. விட்டுடாத." கீழேயிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "இப்ப விடு. மறுபடி அமுக்கு."

காலையில் தொடங்கியது மத்தியானம் வரைக்கும் போனது. நடுவில் அவள் பராக்குப் பார்த்துக் காலைத் தூக்கிவிட, காற்று உள்ளே போய், அந்தச் சக்கரத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. திட்டுவான் என்று நினைத்தாள். அவன் சக்கரத்தின் பின்னாலிருந்து தலையை நீட்டி, "எவன் வாயில பல்லை மாட்டிட்டு இருக்க, மனசுல?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் அப்படி ஒரு காலைப்பொழுதைச் சேர்ந்து கழித்து எத்தனை காலம் ஆகியிருந்ததோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வண்டி வளைவில் சாயாமல் இருக்கக் கட்டையான ஸ்பிரிங் போட்டார்கள். ஏற்கெனவே தாழ்வான வண்டி இன்னும் தரைக்கு இறங்கியது. காற்று தாராளமாகப் போக வழி செய்தார்கள். கடைசியில் எஞ்சினை ஆட்டிவைக்கும் கணினிக்குக் கராஜ்காரி மடிக்கணினியைச் சொருகிப் அதிகப் பலம் தரும் புதுக்கணக்கு ஏற்றினாள். மறுநாள் சின்னவன் அக்காவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனான். அவன் மிதித்ததும் யாரோ நெஞ்சில் கைவைத்து இருக்கையோடு சேர்த்து அழுத்தியதுபோல் இருந்தது அவளுக்கு. கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தன் வாயிலிருந்து ஒரு சிரிப்பு வெளியே வந்ததை அவளே தாமதமாகத்தான் கேட்டாள்.

"பாத்தியா?" என்றான் சின்னவன்.

எஞ்சினுக்குப் பலம் கூடியதும் பழைய கிளட்ச் தாங்கவில்லை. வேகமாக மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி பின்தங்கும். கராஜ்காரி பலமான கிளட்ச் ஒன்றை மாட்டினாள். "பெடல் கொஞ்சம் கனமா இருக்கும் அண்ணா. பழகிடும்" என்றாள்.

பழகவில்லை. முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கிளட்ச் இறுகுகிறது என்று சின்னவன் குறைசொல்ல ஆரம்பித்தான். கராஜ்காரி ஆயிலை மாற்றிப் பார்த்தாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தான். பெடலைக் கழற்றித் துடைத்து மசகு போட்டு அனுப்பினாள். அதற்கடுத்த முறை வந்தபோது அவன் முகத்தில் கடுப்பு இருந்தது. "என்னமா போட்டிருக்க நீ? போன வாரத்துக்கு இந்த வாரம் கல்லு மாதிரி இருக்கு."

அவள் தானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள். பிறகு தன்னிடம் வேலைசெய்யும் வெல்டரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னாள். இருவருக்கும் பெடல் முதல்நாள் இருந்தபடியே இருந்தது. அவள் இறங்கி நின்று, சின்னவனின் காலையே பார்த்தாள்.

"அண்ணா, இடது காலு ஷூ முன்னாடி தேஞ்சிருக்கே. வலது அப்படி இல்லையே."

"அதுக்கென்ன இப்ப?"

"கிளட்ச்ல ஒண்ணும் இல்லண்ணா. கால் வலியா? ஒருதடவை காட்டிட்டு வாங்களேன்."

சின்னவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை தெரியாதவள்தான் காலைக் குறை சொல்லுவாள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வீட்டில் வந்து புலம்பியபோது, அக்கா அடுப்படியில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சில வாரங்களாகவே அவன் கூடத்தில் நடக்கும் சத்தம் மாறியிருந்தது. ஒரு கால் வைக்கும் சத்தம், அடுத்து ஒரு தட்டும் சத்தம். செருப்பு லூசாகிவிட்டது என்று நினைத்துப் புதுச்செருப்பு வாங்கி வைத்திருந்தாள். புதுச்செருப்பும் தட்டியது.

அந்த வாரமே அவன் மோட்டார் அறை ஏணியில் நுனிக்கால் மாட்டி விழப் பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் முழங்கையில் இருந்த சிராய்ப்பை மறைக்க முடியவில்லை. அக்கா ஒருநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர், காலிலும் கையிலும் நாக்கிலும்கூட மெல்லிய ஊசி செருகி, தசைக்குள் ஓடும் மின்சாரத்தைக் கேட்கும் சோதனைக்கு அனுப்பினார். ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் இரைச்சலைப்போல் அந்த இயந்திரம் இரைந்தது. எல்லாம் முடிந்து, வயதான டாக்டர் ஒருவர் அவர்களை உட்காரவைத்து, அவசரப்படாமல், எதையும் மறைக்காமல் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. காலில் தொடங்கியிருக்கிறது. கைக்கு வரும், பேச்சுக்கு வரும், பிறகு மூச்சுக்கு. நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தாமதப்படுத்த உண்டு.

"எவ்வளவு நாள்?" என்று அக்கா கேட்டாள்.

"சிலருக்கு இரண்டு வருஷம், சிலருக்கு அதிகம். யாருக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியலம்மா."

சின்னவன் கேட்டது வேறு. "டாக்டர், இது ரொம்ப நாளா உள்ளயே இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். சாதாரணமா இவ்வளவு சீக்கிரம் யாரும் கவனிக்க மாட்டாங்க. நீங்க எப்படிக் கவனிச்சீங்க?"

"கிளட்ச்" என்றான் அவன்.

திரும்பி வரும்போது அவன்தான் ஓட்டினான். அக்காவுக்கு ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு சிக்னலிலும் இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, காலைத் தூக்கிப் பெடல்மேல் வைத்து, உடம்பின் கனத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்து மிதித்தான். இதை எத்தனை நாளாக இப்படிச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வந்து வண்டியை நிறுத்தியதும், "ஷூ தேஞ்சதைச் சொன்னாளே, அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றான்.

கேட்கப் போனான். கராஜ்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். சுத்தமான ஸ்பேனர்.

லிஃப்ட் வேலையை அவனே விட்டான். கம்பெனி இன்னும் கொஞ்ச காலம் கீழ்த்தள வேலை தருவதாகச் சொன்னது. "என் கையில ஒரு நட்டு சரியா முடுக்காம நின்னுச்சுன்னா, அதுல ஏறுறவங்களுக்கு அது தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அதன்பிறகு வீட்டில் இருந்தான். காலையில் அக்கா கிளம்பும்போது நாற்காலியில் இருப்பான், மாலையில் வரும்போதும் அதே நாற்காலியில். கீழே கார் தூசி பிடித்துக் கிடந்தது. அந்த மஞ்சளைக் கடந்து போகும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். ஒருநாள் சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தாள்.

"அதை வித்துடலாமாடா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இப்பதானே அக்கா ஆரம்பிச்சேன்."

அந்த வார்த்தைக்குப் பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. மறுநாள் வேலையில் ஒரு முன்பல்லைத் தீட்டும்போது நிறம் தப்பிப்போய், முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. அன்று மாலை வீட்டுக்கு வராமல் நேரே கராஜுக்குப் போனாள். அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

"நான் ஓட்டக் கத்துக்கணும்" என்றாள். "அந்த வண்டியிலயே."

கராஜ்காரி அவளை ஏற்றி உட்காரவைத்து, கிளட்சை மிதிக்கச் சொன்னாள். அக்காவுக்கு முழங்கால் ஏற்கெனவே கெட்டது. நாளெல்லாம் உட்கார்ந்து செய்யும் வேலை. பாதி மிதிக்கும்போதே கால் நடுங்கியது. கராஜ்காரி கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அக்கா, பழைய கிளட்சை மாட்டினா உங்களால மிதிக்க முடியும். ஆனா அது இந்த எஞ்சினைத் தாங்காது. கணினியில போட்டதையும் எடுக்கணும். அண்ணா அதுக்கு ஒத்துக்கணும்."

இதை யார் அவனிடம் சொல்வது என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இருவருமாகவே வீட்டுக்கு வந்தார்கள். கராஜ்காரி நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசினாள். இந்தக் கிளட்ச் என்றால் இவ்வளவு விசை, அந்தக் கிளட்ச் என்றால் இவ்வளவு தாங்கும். சின்னவன் நிறையக் கேள்விகள் கேட்டான். நடுவில் வேறு வழி ஏதாவது உண்டா என்று தேடினான். மிதிக்கும் கனத்தைக் குறைக்க நெம்புகோலை மாற்றலாமா, கணக்கைப் பாதிக்குக் குறைக்கலாமா என்றெல்லாம் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னாள். கேள்விகள் தீர்ந்தன.

"எடுத்துடு" என்றான். பிறகு, "ஸ்பிரிங்கையும் பழையதை மாட்டிடு. எனக்கு இப்பவே ஏறி இறங்க முடியல" என்றான்.

வேலை நடந்த நாளில் அவனும் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஆசை ஆசையாக மாட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. கராஜ்காரி ஒவ்வொரு பாகத்தையும் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மடிக்கணினியைச் சொருகிக் கணக்கை அழிக்கும்போது மட்டும், "நீங்களே அமுக்குறீங்களா அண்ணா?" என்று கேட்டாள். அவன் விரல் அப்போதே வளைய ஆரம்பித்திருந்தது. அமுக்கினான். திரையில் ஏதோ ஒரு கோடு நீண்டு முடிந்தது. எஞ்சினைக் கிளப்பியபோது சாதுவாக இருந்தது. அக்காவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆளில்லாத கிடங்கு ஒன்றின் முன்னால் இருந்த சிமெண்டுத் தரையில் அக்கா ஓட்டப் பழகினாள். சின்னவன்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தான். பேச்சு கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தாலும் அதிகாரம் குறையவில்லை. கிளட்சை அவள் சட்டென்று விட்டுவிடுவாள், வண்டி தவளைபோல் ஒரு குதி குதித்து அணைந்துபோகும்.

"பல்லைப் பிடுங்குற மாதிரி விடாத. மெதுவா."

"நான் பல்லைப் பிடுங்குறவ இல்லடா. செய்யுறவ."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவள் நிறுத்திய பிறகும் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். நிறுத்த முயன்று முடியாமல், மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய, சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. அவன் முகம் அழுதது, கண்கள் மட்டும் பயந்துபோய் அவளைப் பார்த்தன. இப்படியும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளே சந்தோஷமோ துக்கமோ இல்லாமலே முகம் தன்பாட்டுக்கு நடக்கும் என்று. அக்கா அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் அவன், "முதல் கியர்" என்றான். அவள் போட்டாள்.

லைசென்ஸ் வாங்கினாள். காலையில் வேலைக்குப் போகும்போது அவனையும் ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வீட்டில் விட்டுப் போவாள். ஒரு முறை கராஜ்காரி இருவரையும் ஊருக்கு வெளியே உள்ள பந்தய மைதானத்துக்கு வரச்சொன்னாள். யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று திறந்துவிடும் நாள். கிளட்ச் மாட்டிய புதிதில் சின்னவன் போக நினைத்திருந்த இடம் அது. மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், மெதுவாகப் போகிறவர்களுக்கு என்று பாதையை விட்டார்கள். கராஜ்காரி வந்து அவன் தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டினாள். கழுத்து சாயாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள்.

அக்கா ஓட்டினாள். பேச முடியாதபோது விரலால் சொல்வது அவர்களுக்குள் பழகியிருந்தது. தொடைமேல் இருந்த அவன் வலது கையின் ஒரு விரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்டது. விரல் எழுந்தால் வேகம், படுத்தால் பிரேக். முதல் சுற்றில் அவள் பயந்து பயந்து போனாள். விரல் எழுந்தே இருந்தது. இரண்டாவது சுற்றில் நீண்ட நேர்ப்பாதையில் அவள் இதுவரை மிதிக்காத அளவுக்கு மிதித்தாள். வளைவு நெருங்கியது, விரல் இறங்கவில்லை. இன்னும் நெருங்கியது. விரல் படுத்ததும் மிதித்தாள், டயர் முனகியது, வண்டி சொன்னபடி திரும்பியது. பாதையை விட்டு வெளியே வந்து நிறுத்தினாள். சின்னவன் ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்ற கராஜ்காரிக்குப் புரியவில்லை.

"என்னக்கா சொல்றார்?"

"பிரேக்கை இன்னும் கொஞ்சம் லேட்டா பிடிச்சிருக்கலாமாம்."

அதற்குப் பின் வந்தது எல்லாம் வேகமாக வந்தது. காரின் இருக்கையில் அவனால் உட்கார முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலியோடு ஏற்றும் வேன் வந்தது. சாப்பாடு வயிற்றில் வைத்த குழாய்வழி இறங்கியது. முகமூடி வைத்து மூச்சுக்குக் காற்றைத் தள்ளும் இயந்திரம் கட்டிலோரம் குடியேறியது. கடைசி மாதங்களில் அக்கா வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்குவாள், நிமிர்ந்தால் அவன் கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், அவள் ஒரு கடைவாய்ப்பல்லை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, இயந்திரம் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. சின்னவன் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் கத்தவில்லை. இயந்திரத்தை அணைத்தாள். முகமூடி பதிந்திருந்த தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள், அது போகவே இல்லை.

பல மாதம் கார் அசையாமல் நின்றது. அவளுக்கு அதில் ஏற மனம் வரவில்லை. ஒருநாள் ஏறினாள். பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். இறங்கிவிட்டாள். கராஜ்காரியிடம் சொல்லி ஆள் பார்க்கச் சொன்னாள். அவள் கூட்டி வந்தது ஒரு நர்ஸை. ஷிப்டு வேலைக்குச் சொந்த வண்டி வேண்டுமாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கீழே குனிந்தும் பார்த்தாள். விவரம் தெரிந்தவள்.

"இந்த மாதிரி வண்டியை எல்லாரும் கண்டபடி மாத்தி வச்சிடுவாங்க. இதுல ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

அக்கா வாயைத் திறந்தாள். சொல்ல நிறைய இருந்தது.

"இல்லமா. கம்பெனியில இருந்து வந்த மாதிரியேதான் இருக்கு."

"நல்லவேளை" என்றாள் நர்ஸ்.

வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பி மறைந்தது. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும், காய்ந்த இலைகளும் இருந்தன. அக்கா திரும்பியபோது கராஜ்காரி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். எண்ணெய் படிந்த கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் கருமை.

"நான்தான் அக்கா அந்தக் கிளட்சைப் போட்டேன்."

"அதனாலயாம்மா வந்துச்சு?"

"இல்ல. அது இல்லாம இருந்திருந்தா அண்ணாவுக்குத் தெரியவே இன்னும் ஆறு மாசம் ஆகியிருக்கும். அந்த ஆறு மாசமும் நிம்மதியா ஓட்டியிருப்பார். நான் அதைப் பறிச்சுட்டேன்னு தோணிட்டே இருக்கு."

அக்காவும் இதை நினைத்துப் பார்த்தவள்தான். தெரியாமல் போயிருக்கக்கூடிய அந்த மாதங்களை நினைத்தாள். தெரிந்ததால் கிடைத்த மாதங்களையும் நினைத்தாள். சிமெண்டுத் தரையும், காலைச் சுற்றுகளும், விரலும் அதில்தான் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் அவளுக்கு விடை கிடைத்ததில்லை.

"எது நல்லதுன்னு எனக்கும் தெரியலம்மா" என்றாள். "மேல வா. முகத்தைக் கழுவு."

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"அந்த இடம் காலிதானேங்க?"

"காலிதான்" என்று சொல்லி, அக்கா கராஜ்காரியின் கையைப் பிடித்து, அவர் வண்டியை விட வசதியாக ஒதுங்கி நின்றாள்.